மெயில் சர்வர் மாறிய மறுநாள் காலை

மத்திய அரசு ஊழியர்களின் அலுவலக மெயில் கணக்குகள், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்ட செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். சுமார் 12 லட்சம் கணக்குகள். முகவரி பழைய முகவரிதான். உள்ளே ஓடுகிற மென்பொருள் மட்டும் வேறு. நம்ம ஊர்க் கம்பெனி என்று பெருமைப்பட்டவர்கள் உண்டு. அரசாங்கக் கடிதங்களைத் தனியார் மென்பொருளை நம்பி வைக்கலாமா என்று கேட்டவர்களும் உண்டு. இரண்டும் நடக்க வேண்டிய பேச்சுதான். எனக்கு மட்டும் அந்தச் செய்தியைப் படித்ததும் வேறொரு கேள்வி வந்தது. மறுநாள் காலை போனை எடுத்தவர் யார்?

ஏனென்றால் அந்த வேலையை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். 2004இல் ஒரு தடவை, 2011இல் ஒரு தடவை. சென்னையில் தலைமை அலுவலகம், மாவட்டந்தோறும் கிளை என்று இருந்த ஓர் அலுவலகத்தில் கணினிப் பிரிவில் இருந்தேன். சர்வரை மாற்றுகிறவர்கள் ஏசி அறைக்காரர்கள். சனிக்கிழமை ராத்திரி ஆரம்பித்து ஞாயிறு சாயங்காலம் முடித்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். பாவம், அவர்களுக்கும் தூக்கம் வேண்டும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அடிக்கிற போன் என் மேஜையில் இருந்தது. ஆகவே மெயில் சர்வர் மாறினால் ஜனங்கள் எதைக் கவனிக்கிறார்கள் என்பதைப் பற்றி எனக்குச் சில உறுதியான அபிப்பிராயங்கள் உண்டு.

மெயில் சர்வர் என்று ஒரே பெயராகச் சொன்னாலும் உள்ளே இரண்டு ஆள் வேலை நடக்கிறது. ஒருவர் தபாலைச் சுமந்து போகிறவர். இன்னொருவர் வந்த தபாலை உங்கள் பெயர் போட்ட பெட்டியில் வைத்துப் பூட்டி, நீங்கள் கேட்கும்போது எடுத்துத் தருகிறவர். சுமக்கிற வேலையை உலகம் முழுக்க வெகுகாலம் செய்தது சென்ட்மெயில் என்ற மென்பொருள். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் எழுதியது. அதன் அமைப்புக் கோப்பைத் திறந்தால் யந்திரத் தகட்டைப் பார்த்த மாதிரி இருக்கும். 1998இல் வீட்சே வெனிமா என்பவர் போஸ்ட்ஃபிக்ஸை வெளியிட்டார். பாதுகாப்பானது, நிர்வகிக்க எளிது என்று பல இடங்களில் அதற்கு மாறினார்கள். நாங்களும் 2004இல் மாறினோம்.

சுமக்கிற ஆள் மாறியதை எங்கள் அலுவலகத்தில் கவனித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். முதலில் கவனித்தது வரைபடப் பிரிவு. அவர்கள் 12 எம்பி, 15 எம்பி என்று படங்களை இணைத்து அனுப்பிப் பழகியவர்கள். போஸ்ட்ஃபிக்ஸில் யாரும் மாற்றி வைக்காவிட்டால் ஒரு கடிதத்துக்கு வரம்பு சுமார் 10 எம்பி. படங்கள் திரும்பி வந்தன. திரும்பி வந்த கடிதத்தை அனுப்பியவர் பெயர் 'மெயிலர் டீமன்'. "வருத்தத்துடன் தெரிவிக்க வேண்டியிருக்கிறது" என்கிற பாணியில் ஆங்கிலத்தில் பணிவாக எழுதியிருக்கும். பிரிவு அதிகாரி ஒருவர் அகராதியில் டீமனுக்கு அர்த்தம் பார்த்துவிட்டு, "பேய்க்கு எதுக்கு சார் நம்ம ஆபீஸ் மெயில்ல வேலை?" என்று கேட்டார். க்யூமெயில் என்று இன்னொரு மென்பொருள் இருக்கிறது. அது இன்னும் உரிமையோடு பேசும். வணக்கம் சொல்லி, தன் பெயரைச் சொல்லி, உங்கள் கடிதத்தைச் சேர்க்க முடியவில்லை, முயற்சியை விட்டுவிட்டேன், மன்னிக்கவும் என்று முடிக்கும். அதை ஓர் ஆள் என்று நினைத்துப் பதில் எழுதியவர்கள் இருந்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்துக் கவனித்தது டெண்டர் பிரிவு. புது சர்வரோடு சேர்த்து, குப்பை மெயிலைத் தடுக்க ஓர் உத்தியையும் போட்டார்கள். முன்பின் தெரியாத இடத்திலிருந்து கடிதம் வந்தால் உடனே வாங்காமல், "கொஞ்சம் கழித்து வா" என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவது. ஒழுங்கான சர்வர் மறுபடி வரும். குப்பை அனுப்புகிறவன் பெரும்பாலும் வரமாட்டான். நல்ல யோசனைதான், குப்பை நிஜமாகவே குறைந்தது. ஆனால் விலைப்புள்ளி கொடுக்கக் கடைசி நேரம் பகல் 3 மணி என்றால், 2.50க்கு அனுப்பிவிட்டு போனில் "அனுப்பிட்டேங்க" என்று சொல்கிற வியாபாரியின் கடிதம் 3.15க்கு வந்து நிற்கும். அவர் பொய் சொல்கிறார் என்று இவர்கள், இவர்கள் மறைக்கிறார்கள் என்று அவர். நடுவில் ஒரு மென்பொருள் வாசலில் நின்று திருப்பி அனுப்பியது இரண்டு பேருக்கும் தெரியாது. இப்போது வங்கியிலிருந்து ஓடிபி மெயிலில் வரவேண்டும் என்று காத்திருந்து, நேரம் கடந்தபிறகு அது வந்து சேர்ந்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், அதற்குப் பின்னாலும் சில சமயம் இதே கதைதான்.

இதெல்லாம் சில்லறை. நிஜமான கூச்சல், பெட்டியை வைத்திருக்கிற ஆள் மாறியபோது வந்தது.

அப்போது கிளைகளில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் வைத்திருந்தார்கள். பாப் என்கிற முறையில் சர்வரிலிருந்து கடிதத்தை இறக்கிக்கொள்வது. இறக்கியபிறகும் சர்வரில் ஒரு பிரதி இருக்கட்டும் என்று குறிப்பிடலாம். நிறையப் பேர் அப்படித்தான் வைத்திருந்தார்கள். எதை ஏற்கெனவே இறக்கியாயிற்று என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு கடிதத்துக்கும் சர்வர் ஓர் அடையாளச் சீட்டு ஒட்டியிருக்கும். அந்தச் சீட்டைப் பார்த்து, பழையது என்று விட்டுவிடும். புது மென்பொருள் வந்தபோது சீட்டு எழுதுகிற முறை மாறிவிட்டது. கடிதங்கள் அதே கடிதங்கள், சீட்டு மட்டும் வேறு. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ன செய்யும்? எல்லாமே புதுக் கடிதம் என்று முதலிலிருந்து இறக்க ஆரம்பித்தது.

சென்னையில் இது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். கிளைகளில் டயல்அப் மோடம். பெட்டியில் 60 எம்பி இருந்தால், லைன் நன்றாக இருந்தாலும் நொடிக்கு 5 கேபி வீதம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் லைன் அறுந்தால் பெரும்பாலும் மறுபடி முதலிலிருந்து. அந்த நேரம் முழுக்க அலுவலக போன் பிஸி. ஒரு கிளை மேலாளர் மதியம் இரண்டு மணிக்கு வெளியே எஸ்.டி.டி. பூத்திலிருந்து என்னைக் கூப்பிட்டுப் பேசியது நினைவிருக்கிறது. அவர் உபயோகித்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. "மாத்தறதுக்கு முன்னாடி, சர்வர்ல இருக்கறதை அழிச்சிடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னய்யா குறைஞ்சா போயிருக்கும்?"

அந்தப் பழைய சீட்டையே புது மென்பொருளும் எழுதும்படி செய்ய வழி இருக்கிறது. பின்னாளில் பரவலான டவ்காட் போன்ற மென்பொருள்களில் இதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு. ஆனால் அதைச் செய்ய வேண்டும் என்று தோன்றுவதற்கு, மறுபுறத்தில் உட்கார்ந்திருப்பவரை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தலைமை அலுவலகத்தில் சிலர் ஐமேப் முறையில் இருந்தார்கள். அதாவது கடிதங்களும் ஃபோல்டர்களும் சர்வரிலேயே இருக்கும். அவர்களுக்கு வேறு மாதிரி சங்கடம். ஆங்கிலத்தில் 'சென்ட்' என்று ஒரு ஃபோல்டர், 'சென்ட் ஐட்டம்ஸ்' என்று ஒன்று, 'சென்ட் மெசேஜஸ்' என்று இன்னொன்று, மூன்றும் வரிசையாக நிற்கும். பழைய மென்பொருள் ஒன்றில் போட்டது, புதியது இன்னொன்றில் போடுகிறது. போன வாரம் வரை அனுப்பியது ஓரிடம், இன்று அனுப்பியது வேறிடம். எது எந்த வேலைக்கான ஃபோல்டர் என்று சர்வரே அடையாளம் சொல்கிற விதிமுறை 2011இல்தான் எழுதப்பட்டது. அது வரை அவரவர் இஷ்டம். இன்னும் சிலருக்கு ஃபோல்டரே காணோம். உண்மையில் அது சர்வரில் இருக்கும். எந்த ஃபோல்டர்களைத் திரையில் காட்டுவது என்ற பட்டியலைப் பழைய இடத்திலிருந்து கொண்டுவரவில்லை, அதனால் கண்ணுக்குத் தெரியாது. "இருக்கு மேடம், காட்டலை, அவ்வளவுதான்" என்று நான் சொன்னால், "காட்டலைன்னா எனக்கு இல்லைன்னுதானே அர்த்தம்?" என்றார் ஓர் அம்மாள். பதினைந்து வருஷ ஆய்வுக் குறிப்புகள் அதில் இருந்தன. அவர் குரல் நடுங்கியது போனிலேயே தெரிந்தது.

அரசாணைகளைச் சேகரித்து வைத்திருந்த ஒரு கண்காணிப்பாளரின் கதை இன்னும் நன்றாக இருக்கும். வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர். பெயர் 'ஜி.ஓ.2003', 'ஜி.ஓ.2002' இப்படி. நாங்கள் மாறிய புது மென்பொருளுக்குப் புள்ளி என்றால் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று அர்த்தம். விளைவு, 'ஜி' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 'ஓ' என்று ஒன்று, அதற்குள்ளே 2003. நம் அலுவலகங்களில் புள்ளி இல்லாத பெயர் ஏது? ந.க. எண், மு.மு. எண், ப.வெ. எண், எல்லாம் புள்ளிமயம். புள்ளி வைத்த இடத்திலெல்லாம் கீழே ஒரு அறை திறந்துகொண்டது. அந்த மனிதர் சண்டை போடவில்லை. "தம்பி, இனிமே புள்ளி வைக்கக் கூடாதா? எழுதி அனுப்பிடுங்க, அதையும் ஒரு ஜி.ஓ.வா சேத்துக்கிறேன்" என்றார்.

தமிழைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1990களின் கடைசியில் மெயிலில் தமிழ் எழுத ஆரம்பித்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு சந்தைக் கூட்டம். திஸ்கி என்று ஒரு முறை, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு அரசு ஏற்ற டாம், டாப் முறைகள், இவை தவிர நூறு தனியார் எழுத்துருக்கள். ஒவ்வொன்றிலும் 'அ'வுக்கு ஒவ்வொரு எண். உரிய எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் தமிழ் தெரியும், இல்லாவிட்டால் பிரெஞ்சுக்காரன் தும்மின மாதிரி இருக்கும். எங்கள் பழைய வெப்மெயிலில் பிரவுசரின் எழுத்துருவை மாற்றிப் படிக்க முடிந்தது. 2011இல் வந்த புதுத் தளம் முழுக்க யூனிகோட். நல்லதுதான், 2010இல் கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில் தமிழக அரசே யூனிகோடுக்கு மாறிவிட்டது. ஆனால் பழைய திஸ்கி கடிதங்களைப் புதுத் தளம் தானும் யூனிகோட் என்றே எடுத்துக்கொண்டு படிக்கப் பார்த்தது. கட்டம் கட்டமாகவும் கேள்விக்குறியாகவும் வந்தது. எழுத்துருவை மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை. வேடிக்கை என்னவென்றால், எல்லாரும் திட்டிய பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை தப்பித்தன. அவை அடியில் வெறும் ஆங்கில எழுத்துகள். எந்த சர்வருக்கும் அவற்றைக் கெடுக்கத் தோன்றவில்லை.

இதில் எனக்கு மனதில் நிற்பது ஒரு தட்டச்சர். அவருடைய அண்ணன் கொழும்பில் இருந்தார். 1999லிருந்து 2002 வரை அவர் தமிழில் எழுதிய மெயில்கள் அலுவலகக் கணக்கில்தான் இருந்தன, வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அண்ணன் பிறகு தவறிவிட்டார். 2011 மாற்றத்துக்குப் பிறகு அந்த அம்மாள் அந்தக் கடிதங்களைத் திறந்து பார்த்தபோது எல்லாம் கேள்விக்குறி. அலுவலகக் கணக்கில் சொந்தக் கடிதம் வைத்திருக்கலாமா என்று விதி பேசுகிறவர்கள் பேசட்டும். கடிதத்தின் உள்ளே பழைய எண்கள் அப்படியேதான் இருந்தன. மூல வடிவத்தில் சேமித்து, என்.எச்.எம். கன்வெர்ட்டரில் போட்டு, ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தோம். நாற்பது கடிதங்களுக்கு மேல். பின்னால் ஒரு நாள் அதையெல்லாம் அச்செடுத்துப் பைண்டு செய்து வைத்திருப்பதாகச் சொன்னார்.

படித்தது, படிக்காதது என்ற அடையாளம் தொலைவது இன்னொன்று. பெட்டியைத் திறந்தால் 4,000 கடிதமும் தடித்த எழுத்தில் நிற்கும். "எல்லாத்தையும் தேர்ந்தெடுத்து, படிச்சதா குறிச்சிடுங்க" என்று சொல்வது எங்கள் பிரிவின் வழக்கமான பதில். அதில் ஒரு முட்டாள்தனம் இருக்கிறது. நிறையப் பேர் அந்தத் தடித்த எழுத்தை வேலைப் பட்டியலாக வைத்திருப்பார்கள். முடிக்காத வேலை என்றால் படித்தபிறகும் 'படிக்காதது' என்று திருப்பி வைப்பார்கள். அவர்களுக்குத் தொலைந்தது அலங்காரமில்லை, அடுத்த வாரம் யாருக்குப் பதில் எழுத வேண்டும் என்ற கணக்கு.

இப்போது தேதி விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ஒரு மெயிலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தேதி உண்டு. அனுப்பியவரின் கம்ப்யூட்டர் கடிதத்திலேயே எழுதும் தேதி ஒன்று. இந்தப் பெட்டிக்கு எப்போது வந்து சேர்ந்தது என்று சர்வர் தனியாகக் குறித்து வைத்திருக்கும் தேதி இன்னொன்று. தபாலில் அனுப்பிய ஊர் முத்திரையும் வந்து சேர்ந்த ஊர் முத்திரையும் மாதிரி. பெட்டியை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும்போது, இந்த வந்து சேர்ந்த தேதியையும் கூடவே சொல்லி ஒப்படைக்க வேண்டும். சொல்லாவிட்டால் புது சர்வர் இன்றைய தேதியைக் குத்திவிடும். 2011 ஜூலையில் எங்கள் ஆட்கள் உபயோகித்த கருவி சொல்லவில்லை. ஆறு வருஷக் கடிதங்களும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வந்தவையாக ஆகிவிட்டன. இன்னொரு குழப்பம், தண்டர்பேர்டில் பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தது, அது கடிதத்தில் எழுதியிருக்கும் தேதியைக் காட்டும். அவுட்லுக்கில் பார்க்கிறவர்களுக்குத்தான் வந்து சேர்ந்த தேதி தெரிந்தது. "பக்கத்து சீட்ல சரியா இருக்கே" என்பதே ஏசி அறையின் முதல் பதில்.

கிளையில் ஓர் உதவியாளர். அவருக்கு அந்த வருஷம் ஜனவரியில் சார்ஜ் மெமோ கொடுத்திருந்தார்கள். 15 நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். 13ஆம் நாள் மெயிலில் அனுப்பினார், காகிதப் பிரதியையும் அனுப்பினார். காகிதம் கோப்பில் சேரவில்லை, அது எங்கே போனது என்பது வேறு கதை. செப்டம்பரில் விசாரணை. விசாரணை அதிகாரி, பெறுகிற பிரிவின் பெட்டியைத் திறந்து பார்த்தார். அவுட்லுக். விளக்கம் வந்த தேதி ஜூலை மாதம் என்று இருந்தது. ஆறு மாதம் தாமதமாக விளக்கம் கொடுத்துவிட்டு ஜனவரியிலேயே கொடுத்ததாகச் சொல்கிறார் என்று எழுத ஆயத்தமாகிவிட்டார். அந்த மனிதருக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம்கூட இல்லை. இன்கிரிமென்ட் நின்றால் பென்ஷன் வரை இழுக்கும். இது உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவர் என்னைத் தேடி வந்தார். ஒரு மெயிலின் முழுத் தலைப்பைத் திறந்தால் வழியில் கை மாறிய ஒவ்வொரு சர்வரும் எத்தனை மணிக்கு வாங்கினேன் என்று ஒரு வரி எழுதியிருக்கும். கீழேயிருந்து மேலே படிக்க வேண்டும். அதில் ஜனவரி தேதி, மணி, நிமிஷம் எல்லாம் இருந்தன. அச்செடுத்துக் கொடுத்தேன். விசாரணை அதிகாரி கெட்டிக்காரர். "இதை யாரும் டைப் அடிச்சுக் கொடுத்திட முடியாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பழைய சர்வரின் பதிவேடு இருந்தால் ஒரு நொடியில் தீர்ந்திருக்கும், அது சில வாரங்களுக்கு மேல் வைக்கப்படுவதில்லை. கடைசியில் உதவியது இன்னொன்று. ஒவ்வொரு மெயிலுக்கும் மெசேஜ் ஐடி என்று ஒரு தனி அடையாளம் உண்டு. கிளையில் அவருடைய அனுப்பிய ஃபோல்டரில் இருந்த பிரதியிலும், தலைமை அலுவலகத்தில் வேறொருவர் கணக்கில் இருந்த பிரதியிலும் அது ஒன்றாக இருந்தது. அதே ஜனவரி வாரத்தில் மற்ற ஊர்களிலிருந்து அதே பிரிவுக்கு வந்த பத்துக் கடிதங்களும் 'ஜூலை' என்று காட்டுவதைத் திறந்து காண்பித்தோம். ஏற்றுக்கொண்டார். அந்தப் பிரிவில் ஒரே ஒரு ஆள் பழைய கடிதங்களைச் சுத்தம் செய்கிறேன் என்று அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பிறகு யோசித்ததுண்டு.

பிற்பாடு மாற்றியவர்களிடம் இதைச் சொன்னபோது, "தேதிதானே சார், ஒரு கடிதமும் தொலையலையே" என்றார்கள். அவர்கள் கணக்கில் அது வெற்றி. போனது எத்தனை, வந்தது எத்தனை, இரண்டும் சமம். என் அபிப்பிராயம், அந்தக் கணக்கு போதாது. மெயில் பெட்டி என்பது வெறும் கடிதக் கட்டில்லை. எது எப்போது வந்தது, எதை முடித்தேன், எதை எங்கே வைத்தேன் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் ஒருவரின் பெட்டி. அலமாரியிலுள்ள கோப்புகளை எல்லாம் ஒரு சாக்கில் கொட்டிக் கொண்டுவந்து, ஒரு தாளும் குறையவில்லை என்று சொல்கிற ரெக்கார்டு கிளார்க்கை நம் காலத்தில் யாரும் பாராட்டியதில்லை.

மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. பழைய ஏற்பாட்டில் ஒருவரின் கடிதங்கள் எல்லாம் ஒரே நீளமான கோப்பில் கிடக்கும். நடுவில் ஒன்றை அழித்தால் கோப்பையே திருப்பி எழுத வேண்டும். 300 எம்பி பெட்டி வைத்திருந்த ஒருவர் காலையில் கிளிக் செய்துவிட்டு கேன்டீனுக்குப் போய் டீ குடித்துவிட்டு வருவார், அப்போதுதான் திறந்திருக்கும். 2004க்குப் பிறகு கிளிக் செய்த உடனே திறந்தது. பாஸ்வேர்ட் மூடி மறைக்கப்பட்டுப் போக ஆரம்பித்தது. இதற்கெல்லாம் ஒரு போன்கூட வரவில்லை. அதற்காக ஏசி அறைக்காரர்கள் மனம் புண்படுவார்கள். வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வந்தால் யாரும் மோட்டாரைப் பார்க்கப் போவதில்லையே.

எங்கே தவறு நடக்கிறது என்றால் சோதனையில். புது சர்வரைச் சோதிக்க 'டெஸ்ட் 1', 'டெஸ்ட் 2' என்று கணக்கு வைப்பார்கள். அதில் ஐந்து கடிதம் இருக்கும், ஃபோல்டர் பெயரில் புள்ளி இருக்காது, தமிழ் இருக்காது, எல்லாம் நேற்று வந்தவை. அது சுகமாக மாறிவிடும். ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கிற, எதையும் அழிக்காத, இருபது வருஷக் குப்பையும் பொக்கிஷமும் கலந்து வைத்திருக்கிற ஒரு சூப்பரின்டெண்டென்ட்டின் கணக்கை, அவர் சம்மதத்தோடு பிரதி எடுத்து முதலில் மாற்றிப் பார்க்க வேண்டும். பிறகு அவரையே உட்கார வைத்து, "என்ன வித்தியாசம் தெரியுது?" என்று கேட்க வேண்டும். அவர் பத்து நிமிஷத்தில் சொல்வதை ஏசி அறை பத்து வாரத்தில் கண்டுபிடிக்காது. கூப்பிடுகிறவர்களை 'கம்ப்யூட்டர் தெரியாதவர்கள்' என்று சிரிக்கிற வழக்கத்தையும் விட வேண்டும். எங்களுக்கு வந்த புகார்களில் பெரும்பான்மை, எதையோ சரியாகக் கவனித்த புகார்கள்.

எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிற விஷயம் ஒன்று உண்டு. சர்வர் மாறிய நாளில் திரையில் ஓர் எச்சரிக்கை வரும். இந்த சர்வரின் சான்றிதழ் பெயர் பொருந்தவில்லை, தொடரலாமா என்று. சான்றிதழை ஒழுங்காகப் போட நேரமில்லாததால், "வந்தா 'எஸ்' அழுத்துங்க" என்று மேலேயிருந்து சுற்றறிக்கை போனது. அறுநூறு பேருக்கு ஒரே நாளில், எச்சரிக்கை வந்தால் 'எஸ்' அழுத்து என்று பாடம் நடத்தினோம். இன்று நம் வயதுக்காரர்களுக்கு வருகிற மோசடி மெயில்களைப் பாருங்கள். "உங்கள் மெயில்பாக்ஸ் மேம்படுத்தப்படுகிறது, இரண்டு நாளுக்குள் பாஸ்வேர்டைப் பதிவு செய்யாவிட்டால் கணக்கு மூடப்படும்." நிஜமான மாற்றத்துக்கு நிஜமான அலுவலகங்கள் அனுப்புகிற அறிவிப்பும் இதே மாதிரிதான் இருக்கிறது. எது அசல், எது போலி என்று எழுபது வயதுக்காரர் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்? மாற்றுகிறவர்கள் தங்கள் அறிவிப்பில் ஒருபோதும் சுட்டியும் பாஸ்வேர்ட் கேட்கிற பெட்டியும் வைக்கக் கூடாது. வங்கியானாலும் பென்ஷன் அலுவலகமானாலும் சரி. "நீங்கள் வழக்கமாகப் போகிற பக்கத்துக்கு நீங்களே போங்கள்" என்று மட்டும் எழுதினால் போதும்.

உங்களில் யாருடைய மெயில் கணக்காவது மாறப்போகிறது என்று நம்பகமான அறிவிப்பு வந்தால், அதற்கு முதல் நாள் ஃபோல்டர் பட்டியல் தெரியும்படி திரையை மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பதில் எழுத வேண்டியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தேதி முக்கியமான கடிதம் எதுவானாலும், பென்ஷன், சொத்து, வழக்கு, இன்ஷூரன்ஸ், அதைத் திறந்து முழுத் தலைப்போடு அச்செடுத்து வையுங்கள். ஜிமெயிலில் கடிதத்தின் மேல் வலப்பக்கம் மூன்று புள்ளி இருக்கும், அதற்குள் மூலத்தைக் காட்டு என்று ஒன்று உண்டு. கம்ப்யூட்டரில்தான் வரும், மொபைல் ஆப்பில் தேட வேண்டாம். பேரன் பேத்தி யாராவது வீட்டில் இருந்தால் இரண்டு நிமிஷ வேலை.